ஈரல் காக்கும் கனிச்சாறு: ஒரு சொல்லாய்வு

மருத்துவச் செய்திகளைத் தமிழில் எழுதுவோரிடத்து இன்று பெருவழக்காக வழங்கும் தொடர்களுள் ஒன்று ‘ஈரலைக் காக்கும் கனிச்சாறு’ என்பது. நெல்லிக்கனிச் சாறு ஈரலைக் காக்கும், கடுக்காய்ச் சாறு ஈரலைக் காக்கும், மேனாட்டு முட்செடி ஒன்றன் கனிச்சாறு ஈரலைக் காக்கும் என்றெல்லாம் படிக்கின்றோம். இத்தொடரில் ஈரல், காத்தல், கனி, சாறு என நான்கு சொற்கள் உள. நான்கும் எளிய தமிழ்ச் சொற்கள். ஆயினும் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்ததனைத் தமிழில் தருவார் இவற்றை ஆளுங்கால், ஒவ்வொன்றும் தன் வழக்குப் பொருளினின்றும் சிறிது விலகி நிற்கின்றது. அவ்விலகல்கள் ஒருங்கு கூடியவழிப் பெரியதொரு பொருட்பிழை பிறக்கின்றது. அப்பிழையின் பயனை நுகர்பவர் நோயாளர். ஆதலின் மருத்துவர்க்கே உரிய பொருள் என இதனைத் தமிழ்த்துறையினர் ஒதுக்கிவிடல் சாலாது. கலைச்சொல் ஆக்குவோரும், அகராதி தொகுப்போரும், மொழிபெயர்ப்பைச் சீர்தூக்குவோரும் நம்மவரே அல்லரோ?

முதற்கண் ‘ஈரல்’ என்பதனை நோக்குவாம். தமிழில் இது பொதுப்பெயர். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என அடைகொடுத்து மூன்று உறுப்புக்களை இச்சொல்லால் வழங்குகின்றோம். ஆங்கிலத்திலோ இம்மூன்றுக்கும் தம்முள் தொடர்பிலாத மூன்று சொற்கள் உள. உலக வழக்கில் அடையின்றி ‘ஈரல்’ என்றால் பெரும்பாலும் கல்லீரலையே குறிக்கும். ஏட்டுச் சுவடிகளிலோ இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும். வயிற்றின் இடப்பக்க வீக்கத்தைக் கூறும் ஒரு பாடலில் வரும் ஈரல் மண்ணீரலாதல் கூடும். அதனைக் கல்லீரல் எனக் கொண்டு, ஆங்குக் கூறப்பட்ட மருந்தைக் கல்லீரல் மருந்தெனப் பட்டியலிடுவது பிழையாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன் முதலியோர் உறுப்புப் பெயர்களை வரையறை செய்து கொண்டதன் அருமை ஈண்டு விளங்கும்.

கல்லீரல் உள்ளுறுப்புக்களுள் மிகப் பெரியது. வளர்ந்தோரிடத்து ஏறத்தாழ 1½ கிலோ எடையுடையது. உணவுப் பாதையினின்று வரும் குருதி முதற்கண் இதனையே சேர்தலின், உண்ட நஞ்சும் மருந்தும் முதலில் எதிர்ப்படும் இடம் இதுவே. இக்கருத்தை மனத்திற் கொள்ளல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

கல்லீரல் நோய் பற்றிய நம் பழைய அறிவு பெரும்பாலும் ‘காமாலை’ என்னும் பெயரின்கீழ் அடங்கியுள்ளது. இது வடமொழிக் ‘காமலா’ என்பதன் திரிபு. சரக சங்கிதை இதனைப் பாண்டு நோய் கூறும் பகுதியிலேயே சேர்த்துக் கூறும். பாண்டு என்பது குருதி குன்றி உடல் வெளிறுதல். காமாலை என்பது கண்ணும் தோலும் சிறுநீரும் மஞ்சள் நிறமுறுதல். நிறவேறுபாட்டை நோக்கி இரண்டையும் ஓரினப்படுத்திய அப்பகுப்பு, கண்ணாற் காண்பதனையே கருவியாகக் கொண்ட காலத்திற்குப் பொருத்தமானதே. ஆனால் காமாலை ஒரு நோயன்று, நோய்க்குறி. குருதிச் சிவப்பணுக்கள் சிதையுங்கால் பிறக்கும் பிலிருபின் என்னும் மஞ்சட் பொருள் உடலில் மிகுவதனால் அது தோன்றுகின்றது. அணுக்கள் அளவிறந்து சிதைதலாலும் மிகும். கல்லீரல் நோயுற்று அப்பொருளை வெளியேற்ற இயலாமையாலும் மிகும். பித்தநீர்க் குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்தலாலும் மிகும். இம்மூன்றனுள் நடுவணதே கல்லீரல் அணுக்களைப் பற்றிய நோய். அதனுள்ளும் வைரசுகளால் வருவன பல. நீராலும் உணவாலும் பரவும் ‘ஏ’ வகை பெரும்பாலார்க்குச் சில கிழமைகளில் தானே தீர்ந்துவிடும். குருதி வழியாகப் பரவும் ‘பி’, ‘சி’ வகைகளோ பலரிடத்து ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து ஈரலை இறுகச் செய்யும். சிலர்க்குப் புற்றாகவும் முடியும்.

இவற்றையெல்லாம் ‘மஞ்சள் காமாலை’ என்ற ஒரே பெயரால் நாம் வழங்குகின்றோம். தானே தீரும் நோய்க்கு எதைக் கொடுப்பினும் அது மருந்தாகவே தோன்றும். பத்துப் பேருக்குச் சாறு பிழிந்து கொடுத்தார், ஒன்பதின்மர் பிழைத்தனர் எனின், அவ்வொன்பதின்மரும் சாறின்றியும் பிழைத்திருப்பரா என்ற வினா எழவேண்டும். பெயர் ஒன்றாயிருத்தலின் அவ்வினா எழுவதில்லை. ஊர்தோறும் காமாலைக்குப் புகழ்பெற்ற வைத்தியர் ஒருவர் இருந்தமைக்குக் காரணம் அவர்தம் பொய்ம்மை அன்று; பெரும்பாலும் அவர் கண்டதனை உண்மையாகவே கண்டார். கண்டதற்குக் காரணம் கூறுமிடத்தேதான் இடர்ப்பாடு உண்டு.

இனி, ‘கனி’. மருத்துவத் தமிழில் காய், கனி, வித்து என்னும் பெயர்கள் செடிநூலார் பகுப்போடு ஒத்து நடப்பன அல்ல. கடுக்காயும் தான்றிக்காயும் முற்றி உலர்ந்த கனிகளே. ஆயினும் காயென்றே பெயர் பெற்றன. சாதிக்காய் என்பது வித்து. மாசிக்காயோ காயுமன்று, கனியுமன்று. ஒருவகைக் குளவியின் செயலால் மரக்கிளையில் தோன்றும் புடைப்பு. உலர்ந்து உருண்டு கையிற் பற்றத்தக்கதாய்க் கடைச்சரக்காக வருவதனைக் ‘காய்’ என்றல் நம் மரபு என்று கொள்ளலாம். இதற்கு மறுதலையாக, மேனாட்டார் ‘விதை’ என வழங்கும் சில பொருள்கள் உண்மையிற் கனிகளாம். பின்னர்க் கூறப்படும் சிலிபம் அத்தகையது. ஆகலின் ‘கனிச்சாறு’ என்றவுடன் மாம்பழம் போலும் சதைப்பற்றுள்ள ஒன்றைப் பிழிந்தெடுத்த இன்சாற்றைக் கருதிக்கொள்ளல் கூடாது.

நம் மரபில் ஈரற்கு உரியனவாகச் சொல்லப்படும் கனிகளுள் முதன்மையுடையன நெல்லி, கடுக்காய், தான்றி என்னும் மூன்றின் கூட்டாகிய திரிபலையே. சரகர் காமாலைக்கு உரைக்கும் பொருள்களுள் இதுவும் ஒன்று. மூன்றும் துவர்ப்புடையன. நெல்லி தின்றபின் பருகும் நீர் இனித்தலைச் சங்கச் செய்யுட்கள் அறியும். அத்துவர்ப்பின் பின்விளைவே அவ்வினிமை. கடுக்காயின் துவரே தோல் பதனிடவும் துணிக்குச் சாயம் பற்றச் செய்யவும் பயன்பட்டது. ‘டானின்’ எனப்படும் இத்துவர்ப்பொருள் புரதத்தைப் பற்றி இறுக்கும் இயல்புடையது. தோல் பதப்படுதலும் நாவில் உலர்வு தோன்றுதலும் அவ்வோரியல்பின் இரு வெளிப்பாடுகள். நெல்லியில் எம்பிளிகானின் முதலியனவும், கடுக்காயில் செபுலினிக் அமிலம் முதலியனவும் இவ்வினத்தைச் சார்ந்தன. இவை உயிர்வளி சார்ந்த சிதைவினைத் தடுக்கும் ஆற்றலுடையன என்பது சோதனைக் குழாயில் ஐயமின்றிக் காணப்பட்டது. உண்டபின் இவற்றுள் எவ்வளவு மாறாது கல்லீரலை அடைகின்றது என்பது வேறு வினா.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வரலாறு புறநானூற்று 91ஆம் பாட்டால் அறியப்படும். அதனைச் சான்றாகக் காட்டிச் சங்கத்தார் நெல்லியின் ஈரல் காக்கும் ஆற்றலை உணர்ந்திருந்தனர் என எழுதப்புகுதல் ஆராய்ச்சி முறையாகாது. ஆண்டுக் கூறப்படுவது சாவை நீக்கும் அருங்கனி; ஈரலைப் பற்றிய குறிப்பு யாண்டும் இல்லை. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்துப் பெயர்களை நூற்பெயராகச் சூட்டிய வழக்கம், அம்மருந்துகள் கற்றோர்க்குப் பழகியிருந்தமையைக் காட்டும். அவற்றின் பயனுக்குச் சான்றாகாது. இலக்கியத்தை மருத்துவத்திற்குக் கரி கூற அழைப்பதில் நம்மிடையே அளவு கடந்த ஆர்வம் உண்டு என்பது என் கருத்து.

நான்கு சொற்களுள்ளும் மிகுந்த இடர் விளைப்பது ‘சாறு’ என்பதே. சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என மருந்து வடிவங்களை வரையறுத்துள்ளது. அவற்றுள் சாறு வேறு, குடிநீர் வேறு, சூரணம் வேறு, இளகம் வேறு. பச்சைப் பொருளை இடித்துப் பிழிவது சாறு. உலர்ந்த பொருளை நீரிலிட்டு நாலிலொன்றாகவோ எட்டிலொன்றாகவோ குறுக்கி வடிப்பது குடிநீர். இவற்றுக்கு ஆயுட்காலமும் சொல்லப்பட்டுள்ளது. சாறும் குடிநீரும் ஒரு சாமம், அஃதாவது 3 மணி நேரம், ஆற்றலோடு நிற்கும், அதன்பின் ஆகா. இவ்வளவு நுண்ணிய வரையறை உடைய துறையில், இன்று ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் வந்தவிடமெல்லாம் ‘சாறு’ என்றே பெயர்த்து விடுகின்றோம். அச்சொல் குறிப்பதோ பெரும்பாலும் வேறொன்று. உலர்ந்த கனியைப் பொடித்து, எத்தனால், மெத்தனால், அசிட்டோன் முதலிய கரைப்பான்களுள் ஒன்றில் ஊறவைத்து, கரைந்ததனை வடித்து, கரைப்பானை ஆவியாக்கிப் போக்கி, எஞ்சிய பசையையோ பொடியையோ எடுப்பது அது. எலிக்குக் கொடுக்கப்பட்டது அப்பொடி. கட்டுரையைத் தமிழிற் படித்தவர் வீட்டிற் பிழிந்து குடிப்பது சாறு. இரண்டும் ஒரு செடியினின்று பிறந்தன என்பதொழியப் பிறிதோர் ஒற்றுமை இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நீரிற் கரைவது எத்தனாலிற் கரையாமற் போகலாம். எத்தனாலிற் கரைவது நீரில் வாராமற் போகலாம்.

இவ்வேறுபாடு நன்மைக்கு மட்டும் உரியதன்று. கொடம்புளியை எடுத்துக்கொள்வோம். மலையாள நாட்டார் மீன் குழம்பிற்கு இதன் உலர்ந்த கனித்தோலையே புளியாக இடுவர். தலைமுறை தலைமுறையாக உண்டு வருகின்றனர். இக்கனித்தோலினின்று ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலத்தைச் செறிவாகப் பிரித்து உடல் இளைக்கும் மருந்தென மேனாடுகளில் விற்றபோது, அதனை உண்டவருட் சிலர்க்குக் கல்லீரல் அழற்சி நேர்ந்தமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. குழம்பிற் கிடந்த புளியும் குப்பியில் அடைத்த பொடியும் பெயரளவில் ஒன்றே. உண்ட பொருள் முதலிற் சென்று சேருமிடம் கல்லீரல் என்று மேலே கூறியது ஈண்டுப் பொருந்தும்: அதனைக் காக்கவென்று கொடுப்பதும் அதன் வழியாகவே செல்லவேண்டும்.

அடுத்து ‘காத்தல்’. இச்சொல்லின் பின்னே பெரும்பாலும் நிற்பது ஓர் எலிச்சோதனை. அதன் முறை இது. எலிகளைப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சில நாட்கள் கனிப்பொடியைக் கொடுப்பர். பின்னர் எல்லா எலிகளுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நஞ்சைச் செலுத்துவர். கல்லீரல் அணுக்கள் சிதைந்தால் அவற்றுள் இருந்த நொதிகள் குருதியிற் கசியும். அந்நொதிகளின் அளவே சிதைவின் அளவு. பொடி உண்ட எலிகளில் அளவு குறைந்திருப்பின், ‘ஈரலைக் காத்தது’ என்று எழுதப்படும். எழுதியவர் கூறியது பொய்யன்று. ஆயினும் இந்நஞ்சு தானே கொல்வதில்லை. கல்லீரலிலுள்ள ஒரு நொதி இதனை மாற்றி, நிலையற்ற ஒரு துணுக்காக்குகின்றது; அத்துணுக்கே அணுவின் கொழுப்புச் சவ்வைச் சிதைக்கின்றது. எனவே அந்நொதியைத் தடுக்கும் எப்பொருளும், அது வேறு எவ்வகையிலும் பயனற்றதாயினும், முன்னரே கொடுக்கப்படின் இச்சோதனையிற் ‘காக்கும்’. மக்கட்கு வரும் கல்லீரல் நோயோ பெரும்பாலும் வைரசினாலும் மதுவினாலும் கொழுப்பினாலும் வருவது. நோய் வந்தபின் மருந்து தேடுவதே மக்கள் இயல்பு. நஞ்சுண்பதற்கு ஒரு கிழமை முன்னரே மருந்துண்பார் யாருமிலர். முற்கூட்டிக் காத்தலும் வந்ததனைத் தீர்த்தலும் ஆகிய இரண்டற்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருந்தும், ‘ஈரல் நோய்க்கு மருந்து’ என்று நம்மவர் இரண்டையும் ஒன்றாக்கி விடுகின்றனர்.

இந்நான்கு சொற்களின் இடர்ப்பாடும் ஒருங்கே விளங்கும் வரலாறு சிலிபத்தினுடையது. மத்தியதரைக் கடற் பக்கத்து முட்செடி அது. ஊதாநிறப் பூவும் வெண்ணரம்போடிய முள்ளிலையும் உடையது. அவ்வெண்மை மரியன்னையின் பால் சிந்தியதால் வந்தது என்னும் கதையினின்று அதற்குச் செடிநூற் பெயரின் பிற்பகுதி அமைந்தது. வெண்கோடிட்ட முள்ளிலை என்னும் குறிப்பை மட்டும் கொண்டு நம் நாட்டுப் பிரமதண்டோடு இதனை ஒப்பிடுதல் தீது. குடும்பமே வேறு, பிரமதண்டின் வித்தெண்ணெயோ நஞ்சு. 1998இல் தில்லியில் கடுகெண்ணெயில் அது கலந்தமையால் பலர் வீங்கி மாண்டனர்.

சிலிபத்தின் கனியைக் கல்லீரற்கும் பித்தத்திற்கும் கொடுப்பது ஐரோப்பாவில் நெடுங்கால வழக்கு. 1968இல் மியூனிக் நகரில் வாக்னர் என்பாரும் அவர் குழுவினரும் அக்கனியின் செயற்படு பொருளைப் பிரித்தெடுத்துச் சிலிமாரின் எனப் பெயரிட்டனர். அஃது ஒரு பொருளன்று. சிலிபினின், சிலிகிறிஸ்டின், சிலிடயானின் முதலியவற்றின் கூட்டு. இக்கூட்டு நீரில் மிக அரிதாகவே கரையும். எனவே கனியை நீரிலிட்டுக் காய்ச்சிப் பருகுவார்க்குச் சிலிமாரின் சிறிதே கிட்டும். கரைப்பானால் எடுத்து, நூற்றுக்கு 70 முதல் 80 வரை சிலிமாரின் நிற்குமாறு அளவுபடுத்திய பொடியே ஆய்வுகளில் ஆளப்பட்டது. சாற்றுக்கும் கரைத்தெடுத்த சத்திற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இதன் பயன் எங்கே தெளிவாகக் காணப்பட்டது? அமனிட்டா ஃபல்லாய்டிஸ் என்னும் நச்சுக்காளானை உண்டவர்களிடத்தே. அக்காளானின் நஞ்சு கல்லீரல் அணுவினுட் புகுந்து, மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியை நிறுத்தி, அணுவைக் கொல்லும். சிலிபினின் அந்நஞ்சு புகும் வாயிலையே அடைக்கின்றது. ஐரோப்பிய மருத்துவமனைகளில், நீரிற் கரையுமாறு வேதிமுறையால் மாற்றிய சிலிபினினை நரம்பின்வழிச் செலுத்துவர். ஆண்டும் பிற மருத்துவத்தோடு சேர்த்தே கொடுக்கப்படுதலானும், கொடாது விட்டு ஒப்பிட்டுப் பார்த்தல் அறமாகாமையானும், அதன் தனிப்பயனை இத்துணையென்று அளந்துரைத்தல் அரிது. எனினும் செயல்முறை விளங்கிய மருந்து அது. ‘காத்தல்’ என்னும் சொல் தன் முழுப்பொருளில் நிற்கும் இடம் இதுவே: பகை உட்புகாவண்ணம் வாயிலை அடைத்தல்.

பிற நோய்களிலோ நிலை வேறு. ‘சி’ வகை வைரசால் நெடுநாள் வருந்தி, அந்நாளைய இன்டர்ஃபெரான் மருத்துவத்தாற் பயன் பெறாதவர் 154 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர்க்கு நாடோறும் மும்முறை 420 மில்லிகிராம், மற்றொரு பகுதியினர்க்கு 700 மில்லிகிராம் சிலிமாரினும், எஞ்சியவர்க்கு மருந்தற்ற போலியும் 24 கிழமை கொடுத்தனர். ஈரல் நொதி குறிப்பிட்ட அளவு குறைந்தவர் ஒவ்வொரு பகுதியிலும் இவ்விருவரே. மருந்துண்டாரும் போலியுண்டாரும் ஒப்ப நின்றனர். எலியைக் காத்தது, காளான் நஞ்சினின்று மக்களைக் காக்கப் பயன்படுவது, ஈண்டு யாதும் செய்யவில்லை. பின்வந்த நேர்முக வைரசுக்கொல்லி மருந்துகளோ அந்நோயைப் பெரும்பாலாரிடத்து அறவே நீக்குகின்றன.

சீன நாட்டார் ‘ஐஞ்சுவைக் கனி’ என்னும் பொருள்படப் பெயரிட்டு வழங்கும் ஷிசாண்ட்ரா மற்றொரு வழிக்குச் சான்று. அவர்கள் அக்கனியின் பொருள்களை ஆராய்ந்து, அவற்றின் அமைப்பைத் தழுவி பைஃபெண்டேட், பைசைக்ளால் என்னும் மருந்துகளைச் செயற்கையாக ஆக்கிக் கல்லீரல் அழற்சிக்கு ஆண்டனர். அவை கனியினின்று கற்றவை, கனிச்சாறு அல்ல.

நம் கீழாநெல்லியைக் கூறாது இக்கட்டுரையை முடித்தல் இயலாது. மருந்தாவது முழுச்செடி, பெயரோ கனியைப் பற்றியது. இலைக்காம்பின் கீழே நெல்லி போலும் சிறுகாய்கள் தூங்குதலின் அப்பெயர். செடிநூலாரும் இன்று பெருநெல்லியையும் கீழாநெல்லியையும் ஒரே பேரினத்துள் அடக்குவர். பெயரிட்ட நம் முன்னோர் கண் கூரியது. 1988இல் சென்னை ஆய்வாளர் தியாகராசன் முதலியோர், 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு இணைந்து, ‘பி’ வைரசு நெடுநாள் தங்கியவர்கட்கு இச்செடிப் பொடியை 30 நாள் கொடுத்துக் கண்டதனை வெளியிட்டனர். மருந்துண்ட 37 பேருள் 22 பேரிடத்தும், போலியுண்ட 23 பேருள் ஒருவரிடத்தும் வைரசின் அடையாளம் குருதியினின்று மறைந்தது. உலகம் வியந்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த ஆய்வுகளில் அப்பயன் காணப்படவில்லை. செடியின் இனம், விளைந்த நிலம், பறித்த பருவம், பதப்படுத்திய முறை ஆகியன வேறுபட்டமை காரணமாகலாம் என்பர். கடைச்சரக்கில் ஒன்றின் மேற்பட்ட இனங்கள் கீழாநெல்லி என்ற பெயரிற் கலந்து வருதலும் ஆய்வுகளால் அறியப்பட்டதே. சென்னைக் கண்டுபிடிப்பை மட்டும் தமிழில் எழுதிப் பிந்தைய ஆய்வுகளை எழுதாது விடுதல் மொழிப்பற்று ஆகாது. அக்கட்டுரையை நம்பி, ‘பி’ வகைக்குத் தடுப்பூசியும் வைரசை அடக்கும் மருந்தும் இருக்கவும், பொடியுண்டு காலங்கழிப்பவர் ஈரல் இறுகிய பின்னரே மருத்துவமனை சேர்வர்.

இனிக் கலைச்சொல் பற்றிச் சில கூறலாம். பிழிந்ததற்குச் ‘சாறு’, காய்ச்சிக் குறுக்கியதற்குக் ‘குடிநீர்’ என்னும் பழஞ்சொற்களை அவ்வப்பொருளிலேயே நிறுத்துக. கரைப்பானால் எடுத்துக் கரைப்பானைப் போக்கியதற்குக் ‘கரைசத்து’ என ஒரு சொல் ஆக்கலாம். எக்கரைப்பான் என்பதும் உடன் வரல் வேண்டும், ‘கடுக்காய் எத்தனாற் கரைசத்து’ என்பது போல. நஞ்சுக்கு முற்படக் கொடுத்ததனை ‘முற்காப்பு’ என்றும், நோயுற்றபின் கொடுத்துத் தீர்ந்ததனைத் ‘தீர்வு’ என்றும் பிரித்தெழுதுக; எலியிற் கண்டதாயின் எலியென்று வெளிப்படக் கூறுக. ‘காமாலை’ என்பதனை நோய்ப்பெயராக ஆளாது குறிப்பெயராக மட்டும் ஆளுதலே தக்கது. ஆனால் மக்கள் வழக்கில் ஆழ வேரூன்றிய அச்சொல்லை அகராதியாசிரியர் எவ்வாறு பொருள் சுருக்கிக் காட்டுவது என்பதில் எனக்கு உடன்பாடான வழி ஒன்று இன்னும் புலப்படவில்லை. ‘நோய், நோய்க்குறி’ என இரு பொருளும் தந்து, பின்னதற்கு மருத்துவ வழக்கு என்னும் குறிப்புச் சேர்த்தல் இப்போதைக்குப் போதியதாகலாம்.